பூட்டிய புத்தகத்தில் நகரும் பக்கம்

கராகோல்,
வெள்ளிக்கிழமை

மைத்துனன் மெதெர்பெக்கிற்கு உன் அக்காள் புருஷன் இமான்குல் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சௌக்கியம். அங்கே பிஷ்கெக்கில் உன் மனைவி, மக்கள், கணினி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து, உன் அக்காள் அய்ஜமால் வாங்கிய மின்புத்தகங்களின் பூட்டையெல்லாம் உடைத்து, எந்தக் கருவியிலும் திறக்கிற பொது வடிவத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாயே, தயவுசெய்து வராதே. மாதக் கடைசியில் அந்தப் புத்தகக் கம்பெனி நம் நாட்டில் கடையை மூடுகிறது, அவர்கள் வடிவத்தில் பூட்டி வைத்ததெல்லாம் மறைந்துவிடும், தெரியும். "அத்தான், அக்கா புத்தகம் வாங்கல, வாடகைக்குக் குடியிருந்தா" என்று இழவு வீட்டிலேயே எனக்குப் பாடம் நடத்தியவன் நீ. நானும் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டுமாம். அய்ஜமால் மண்ணுக்குள் போய் ஐந்து மாதம் ஆகிறது என்றேன். "பரவாயில்லங்க ஐயா, அவங்களுக்கு எப்ப வசதியோ அப்பக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

விஷயம் அதுவல்ல. ஒரு வெள்ளிக்கிழமை டீயை வைத்துக்கொண்டு, உன் அக்காள் பாதியில் விட்ட நாவலை அவள் கைபேசியில் திறந்தேன். வேறொரு கருவியில் 190ஆம் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா என்று கேட்டது. அவள் விட்டது 140இல்; ஆஸ்பத்திரியில் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது நானே பார்த்தேன். கைபேசியை டீக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. வழக்கப்படி, அவள் உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு அவள் பொருள்களைக் கொடுத்தோமே, அந்த வாசிப்புக் கருவி பக்கத்து வீட்டு பாத்மாவுக்குத்தானே போனது, அவள் படிக்கிறாள், இரண்டுக்கும் ஒரே கணக்கு, பக்கம் இங்கேயும் நகர்கிறது. ஆனால் பார், போனவளுக்கு மணம் போய்ச் சேரட்டும் என்று வியாழன்தோறும் நான் எண்ணெயில் போர்சோக் அப்பம் பொரிக்கிறேன், மறுநாள்தான் பக்கம் நகர்ந்திருக்கிறது. கதையில் மாமியார் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் கோடு வேறு, உன் அக்காள் போடுவாளே அதே மாதிரி. பாத்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டால்? பாத்மாதான் என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமை வந்தால் மனசு குதிக்கிறது, மெதெர். கதை எனக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒரு பக்கம் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். நீ மாற்றினால் புத்தகம் மிஞ்சும், பக்கம் நகராது. எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம்.

பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உங்கள் அடுப்பு அணையாமல், வாசலுக்கு விருந்தாளி குறையாமல் இருக்கட்டும்.

இமான்குல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாத்மா மாவு சலிக்கிற சல்லடை கேட்டு வந்தாள். வாய் சும்மா இருக்காமல், கதை எப்படி என்று கேட்டுவிட்டேன். "எந்தக் கதைண்ணே? அந்தப் படிக்கிற பலகை குடுத்த அன்னிக்கே அணைஞ்சு போச்சே. அதை வச்சுத்தான் பாலாடைக் கிண்ணத்தை மூடி வச்சிருக்கேன்" என்றாள். மேலே எழுதியதை மறந்துவிடு. இதைத் தபாலில் போடாமல் பிஷ்கெக் பஸ் டிரைவர் கையில் கொடுக்கிறேன், கிடைத்ததும் புறப்படு. உன் அக்காளுக்கு இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது, அதற்குள் கடைக்காரர்கள் பூட்டிவிடுவார்கள். எந்தக் கருவியிலும் திறக்கும் என்றாயே. அவள் கையில் இருப்பது என்ன கருவி என்று எனக்குத் தெரியவில்லை, அதிலும் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடு.