வெளிச்சம் காணாதவர்

ரொறன்ரோவில் அணில், ரக்கூன், வாத்து ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எங்கும் தென்படும் உயிரினம் ஒன்று உண்டு. அதன் பெயர் வெளிச்சம் காணாதவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சாப்பாட்டுக் கடையில் மெனுவைக் கொடுத்தால் கையை நீட்டுவார், இன்னும் நீட்டுவார், கை முடிந்துபோனதும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கட கடையில வெளிச்சம் காணாது, இன்னுமொரு லைற் போடுங்கோ" என்பார். மருந்துப் போத்தலில் எழுத்தைச் சின்னதாக அடித்துவிட்டார்கள், போன் மங்கல், மாரியில் சூரியனே சரியில்லை. உலகம் முழுக்கப் பழுது. அவருடைய கண் மட்டும் திறம்!

இந்த இனத்தின் மன்னன் டோர்செட் பார்க் பஸ்ரியன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். கணீரென்ற குரல், உயிரே அந்த மைக்கில்தான். அண்மையில் பசித்த மக்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழிந்த பைபிள் கதையை வாசித்தவர், வெளிச்சம் காணாமல், "வானத்திலிருந்து மன்னார் பொழிந்தது" என்று முழங்கிவிட்டார். சொந்த ஊர்ப் பெயரைக் கேட்ட மன்னார்க்காரர் மட்டும் வழமையைவிடப் பலமாக "ஆமென்" சொன்னார்கள்.

"வாற ஞாயிறு கண்ணாடியோட வாங்கோ பஸ்ரியன்," என்றார் ஃபாதர். "இல்லாட்டி அகஸ்ரின் வாசிக்கட்டும்."

அகஸ்ரினா? மூக்கால் வாசிக்கிற அகஸ்ரினா?

"என்ர கண் இருபது வயசுக் கண்!" என்று வீட்டில் வந்து குதித்தார். மனைவி எமில்டா அசையவில்லை. சனிக்கிழமை பிள்ளைகளோடு த்ரீ-டி படம் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

"உந்தப் படம் பார்த்துத் தலையிடிச்சால் நீங்கள் கண்ணாடி போடவேணும்."

"இடிக்காட்டி?"

"நான் இனிக் கண்ணாடி எண்டு வாயே திறக்கமாட்டன்."

கண்ணாடி என்றாலே காத தூரம் ஓடுகிற மனிதர், தியேட்டரில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மட்டும் ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்டார். திரையிலிருந்து பறவைநாகம் ஒன்று மூக்கு நுனிக்கே பறந்து வந்தது. மகன் மரியோ கண்ணைக் கசக்கினான், மகள் நிரோஷினி நெற்றியைப் பிடித்தாள், கண் டொக்டரான மருமகள் செலீன் படம் முடிய முன்பே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். பஸ்ரியன்? பொப்கோர்ன் வாளியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அவர் ஆடாத குறைதான். "ஆருக்குத் தலையிடி? எனக்கில்லை! இளசுகள் எல்லாம் சரிஞ்சிட்டுதுகள். நான் இன்னொருக்காப் பார்ப்பன்!"

எமில்டாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"மாமா, அதுதான் பிரச்சினை," என்றாள் செலீன். "அது மூக்குக்குக் கிட்ட வரேக்க எங்கட கண் கிட்டப் பார்க்க ட்ரை பண்ணும். ஆனா படம் தூரத்துத் திரையிலதானே கிடக்கு. அந்த இழுபறியிலதான் தலையிடிக்கிறது. வயசு போனாக் கனபேற்ற கண் ட்ரை பண்ணுறதையே விட்டிடும். ஸோ, நோ ஃபைற், நோ ஹெட்ஏக்."

"அப்ப என்ர கண்?"

"ரிட்டயர்ட், மாமா. எப்பவோ பென்சன் எடுத்திட்டுது."

எமில்டா சொன்ன சொல் தவறாதவள். வாயே திறக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க வீடு வரும்வரை சிரித்தாள்.

ஞாயிறு வந்தது. அகஸ்ரின் முன்வரிசையில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். பந்தயத்தில் வென்ற பஸ்ரியன் விறுவிறுவென்று போய், சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடைக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டினார். ஒரு பிழை இல்லை. வானத்திலிருந்து எந்த ஊரும் விழவில்லை. மன்னார்க்காரருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

திரும்பி வந்தவர் எமில்டாவின் காதில் சொன்னார்: "இண்டைக்கு லைற் நல்லாப் போட்டிருக்கினம்."

ஆகவே வாசகரே, த்ரீ-டி படம் பார்த்துத் தலையிடி இல்லாமல் வெளியே வந்தால் தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடுங்கள். அது சரி, இந்தப் பக்கத்தை ஏன் இவ்வளவு தூரத்தில் பிடித்திருக்கிறீர்கள்? எழுத்துச் சின்னதா? வெளிச்சமா?

வெளிச்சம் தாராளமாகக் காணும். உங்களுக்குத்தான் காணாது.