ஒட்டுப் போட்ட புருஷன்

பழைய சினிமாக் கொட்டகையில் இப்போது படம் ஓடுவதில்லை. மனக்கண் மகான் ஓடிக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு ஆறு நாள், தினமும் இரண்டு காட்சி. அத்தனையும் ஹவுஸ்ஃபுல்! வாயைத் திறக்காமல் முன்னால் போய் நின்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குடும்பக் கதையை மைக்கில் கொட்டிவிடுவார். என் கதையை எனக்கே சொல்ல எதற்கு ஒரு மகான் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் மனக்கண் மங்கிவிடுமாம். ஊர்ப் பேச்சு காதில் விழக்கூடாது என்பதற்காக இரண்டு காதையும் மூடிப் பெரிய தலைப்பாகை வேறு.

தையற்காரரும் ஒரு நாள் போய் நின்றார். அவருடைய பதினான்கு வயது மகளுக்கு வலிப்பு நோய்.

"உன் மக அஞ்சு வயசுல மாடிப்படியில உருண்டா! அந்தப் பயம் தலைக்குள்ள உக்காந்திருக்கு. மாத்திரைதான் அதை வெளிய விடாம அடைக்குது. தூக்கிப் போடு!" என்றார் மகான்.

கொட்டகையே கைதட்டியது. தையற்காரருக்குப் புல்லரித்துப்போயிற்று. டாக்டர் பார்த்துப் பார்த்து அளவு வைத்துக் கொடுத்த மாத்திரை அன்றைக்கே குப்பைக்குப் போனது. இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத வலிப்பு மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. "பயம் வெளிய வருது, நல்லதுதான்" என்றார் மகான். இரண்டாம் முறை விழுந்தபோது பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மகளின் முழங்கையில் கையகலத்துக்குத் தோல் வெந்துபோனது. அதற்கு மட்டும் மகானிடம் விளக்கம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வரவில்லை என்றதும், அங்கே வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் வீடு தேடி வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். கையில் ஒரு ஃபைல்.

"சமூக சேவையா? உங்களுக்குப் புண்ணியம் உண்டும்மா" என்றார் தையற்காரர்.

"சேவை இல்லண்ணா, வேலை. இதுக்குன்னு படிச்சு, பயிற்சி எடுத்து, சம்பளத்துக்குப் பாக்குறேன். டாக்டர் எழுதின மாத்திரை ஒரு வீட்டுக்குள்ள ஏன் நுழைய மாட்டேங்குதுன்னு பாக்குறது என் பொறுப்பு."

திட்டு விழும் என்று நினைத்துத் தையற்காரர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். எல்லாம் வீணாய்ப் போயிற்று. அந்தப் பெண் முதலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"மாத்திரை வேணும்க்கா. அப்பா வருத்தப்படுவாரேன்னுதான் சொல்லல."

தையற்காரர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல மேடம். அப்புறம் கொட்டகை மகானுக்கு மாடிப்படி விஷயம் எப்படித் தெரிஞ்சது?"

"கொட்டகையில வண்டியை எங்க விட்டீங்க?"

"வாசல்ல. அந்த வண்டிக் காவல்காரர் தங்கமான மனுஷன். யாருக்கு உடம்பு சரியில்லன்னு விசாரிச்சார். சும்மா பேசினோம்."

"டோக்கன் குடுத்தவர்?"

"அவரும் ஆறுதலா ரெண்டு வார்த்தை... சும்மாதான்."

"பக்கத்துல யாரு உக்காந்தாங்க?"

"ஒரு அம்மா. அவங்க பையனுக்கும் வலிப்பாம். அழுதாங்க. மனசு கேக்காம மாடிப்படிக் கதையைச் சொன்னேன். அதுவும் சும்மா..."

"அஞ்சு வயசுலயா விழுந்தா?" என்று உள்ளேயிருந்து மனைவி வந்தார். "ஏழுங்க. ரெண்டாம் வகுப்பு. நான்தானே லீவு லெட்டர் எழுதிக் குடுத்தேன்!"

"மகான் அஞ்சுன்னாரே?"

"அண்ணா, அதை அஞ்சுன்னு தப்பா ஞாபகம் வச்சிருக்கறவங்க உலகத்துல எத்தனை பேரு?" என்றார் சமூகப் பணியாளர்.

ஒரே ஒருவர்தான். அவர் அப்போது ஊசியில் நூல் கோக்க முயன்று மூன்று தடவை தவறவிட்டார்.

"மகானுக்கும் ஒரு தடவை பிசகலாம் இல்லையா?"

"துணியை வெட்டறதுக்கு முன்னாடி எத்தனை தடவை அளவெடுப்பீங்க?"

"ரெண்டு தடவை."

"மகானை ஒரு தடவைகூட அளக்கலையே. நாளைக்கு வாங்க, அளந்து பாப்போம். ஆனா மாத்திரை நாளை வரைக்கும் காத்திருக்கக் கூடாது."

அன்று மதியமே தாயும் மகளும் டாக்டரிடம் போனார்கள். தையற்காரர் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கொட்டகையில் அவர் அந்தப் பெண்ணுக்கு நாலடி பின்னாலேயே நடந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சமூகப் பணியாளர் வண்டிக் காவல்காரரிடம் சொன்னார்: "என் புருஷன் என்னை விட்டு ஓடிட்டான்." டோக்கன் கொடுத்தவரிடம்: "என் புருஷன் படுத்த படுக்கையா கிடக்குறார்." பக்கத்து நாற்காலியில் வந்து அழுத அதே அம்மாவிடம்: "என் புருஷன் செத்துப்போயிட்டார்." மூன்று இடத்தில் மூன்று பொய். எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று தெரிய வேண்டாமா?

முறை வந்தது. மகான் கண்ணை மூடினார். லேசாகத் திணறினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"உன் புருஷன் ஓடிப்போனான்! ஓடின இடத்துல படுத்த படுக்கையானான்! அந்தப் படுக்கையிலேயே உயிரை விட்டான்!"

கூட்டம் 'ஐயோ' என்று உருகியது. தையற்காரர் உருகவில்லை. மூன்று துண்டுத் துணியை ஒட்டுப் போட்டு ஒரே சட்டை என்று விற்றால் அவர் கண்ணுக்குத் தெரியாதா? ஓட்டை ஒன்று இல்லை, மூன்று.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க" என்றார் சமூகப் பணியாளர்.

"நான் சொன்னது வரப்போற புருஷனை!" என்றார் மகான். கூட்டம் மறுபடியும் கைதட்டியது! வராத மாப்பிள்ளை ஓடி, படுத்து, செத்தும் போனதற்கு அப்படி ஒரு கைதட்டல்.

தையற்காரருக்கு மகளின் வெந்த முழங்கை கண்முன் வந்தது. அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. மேடையில் ஏறினார், தலைப்பாகையின் முனையைப் பிடித்தார், சரசரவென்று உருவினார். மகானின் காதிலிருந்து சின்னக் கருவி ஒன்று கீழே விழுந்தது. எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். காவல்காரரின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது:

"அண்ணே, பொம்பளை ஏமாத்துது! மாத்திச் சொல்லுங்க! அண்ணே... கேக்குதா?"

எல்லோருக்கும் கேட்டது. மகான் திரைக்குப் பின்னால் இருந்த கதவு வழியாகக் கம்பி நீட்டினார். ஓடிப்போகும் யோகம் யாருக்கு என்பதில்தான் அவருடைய மனக்கண் கொஞ்சம் பிசகியிருந்தது.

அத்தோடு முடிந்தது என்கிறீர்களா? முன்வரிசைக்காரர் ஒருவர் பாய்ந்து வந்து சமூகப் பணியாளரின் காலில் விழுந்தார். "மகானையே கண்டுபிடிச்சீங்களே தாயே! உங்க சக்தி அதைவிடப் பெருசு! என் வீட்டுக் கஷ்டத்தையும் சொல்லுங்க!"

"எழுந்திருங்க. கஷ்டத்தை நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன். என்ன செய்யலாம்னு சேர்ந்து பாப்போம். ஆஸ்பத்திரியில எட்டாம் நம்பர் அறை."

"நானே சொல்லணுமா?" அவர் முகம் தொங்கிப்போனது. "அப்புறம் உங்களுக்கு என்னதான் சக்தி?"

பின்னால் நின்ற நாலு பேர், 'அதானே' என்று தலையாட்டினார்கள்.

தையற்காரர் மைக்கை எடுத்தார். மறு கையில் தலைப்பாகைத் துணி. "எட்டு முழம் இருக்கு. இதை அந்த ஆள் காதுலதான் சுத்தியிருந்தான். கண்ணுல சுத்திக்கிட்டது நாமதான்! என் மக கை வெந்த பிறகுதான் நான் அவிழ்த்தேன். உங்க வீட்ல யாருக்கு என்ன வேகணும்னு காத்திருக்கீங்க?"