பக்கத்து வீட்டுக்குப் போன பாட்டு

ராஜதுரை மொட்டை மாடியில் நான்காவது சுற்று வந்துகொண்டிருந்தார். இரண்டு காதிலும் இயர்போன். சட்டைப்பை விளிம்பைக் கவ்விக்கொண்டு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு நீல விளக்கு மினுக் மினுக்கென்றது. எல்லாம் சரி, பாட்டுத்தான் வரவில்லை.

"பாடுதா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கோகிலா குரல் கொடுத்தாள்.

"பாடுது பாடுது."

வேறு என்ன சொல்வார்? மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுவதில் இருபத்தெட்டு வருஷ அனுபவம். சங்கரன்கோவிலைச் சுற்றி எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். அந்தப் போன்தான் வினையும். காலையில் ஆசையாக ஒரு பாட்டைப் போட்டால், சரணம் தொடங்கும் நேரம் பார்த்துப் பக்கத்து ஊர் கரிவலத்தில் யாருக்காவது மோட்டார் நின்றுபோகும். பாட்டு நடுவில் அறுந்து, "அண்ணாச்சி, தண்ணி ஏறல" என்று ஒரு குரல் வரும்.

அதனால்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெய்னப் நடத்தும் கடைக்குப் போய், "ஏம்மா, பாட்டு மட்டும் பாடணும். வேற ஒண்ணும் செய்யக் கூடாது. அப்படி ஒரு சாமான் இருக்கா?" என்று கேட்டார்.

ஜெய்னப் நாலைந்தை எடுத்துப் பரப்பினாள். ஒன்றில் படம் தெரிந்தது. ஒன்றில் ரேடியோ இருந்தது. ஒன்று எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லுமாம். ராஜதுரை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கடைசியில் எல்லாவற்றிலும் சின்னதை எடுத்தார். திரை கிடையாது. ஐந்தே பொத்தான். ஆனால் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் பதினெட்டு மணி நேரம் பாடும்.

"அடேயப்பா! இத்தினிக்கூண்டு உடம்புல இவ்வளவு மூச்சா?" என்று அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் அவள் ஒரு கார்டில் ஏற்றினாள். நகத்தளவு கார்டு. "நானே மாட்டித் தாரேன் அண்ணாச்சி" என்றாள்.

"பத்து ஹெச்பி மோட்டாரைப் பிரிச்சுக் கோக்கவன் நான். எனக்கா மாட்டித் தார?"

வீட்டுக்கு வந்து தானே மாட்டினார். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. பெருவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். போய்விட்டது.

இப்போது சத்தமில்லை. திரும்பக் கடைக்குப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. இயர்போன் செருகும் ஓட்டையில் அழுக்கு இருக்குமென்று பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைத்தார். அழுக்கு வந்ததோ என்னவோ, பொத்தான்களின் மேல் அச்சிட்டிருந்த அடையாளங்கள் எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டன. எது கூட்டுவது, எது குறைப்பது என்று இனி அதைச் செய்தவனுக்கே தெரியாது.

ஐந்தாவது சுற்றில்தான் அந்தப் பாட்டு கேட்டது. இயர்போனில் அல்ல, பக்கத்து வீட்டில்.

ராஜதுரை நின்றுவிட்டார். இயர்போனைக் கழற்றினார். நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிய பாட்டு. நாதஸ்வரம் மெதுவாக ஏறி, புல்லாங்குழல் அதைக் கைப்பிடித்து இறக்கிவிடுமே, அந்தப் பாட்டு. யாரும் போட மாட்டார்கள். அது வந்த படமும் ஓடவில்லை.

பக்கத்து வீடு மகாராஜாவுடையது. குருவிகுளம் யூனியன் ஆபீஸில் ஜீப் டிரைவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. இரண்டு மனிதருக்கும் நடுவே ஆறு வருஷ மௌனம். ராஜதுரை வீட்டுப் பால்காய்ப்பு அன்று சவுண்டு பாக்ஸ் வைத்துப் பாட்டுப் போட்டபோது, மகாராஜா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "அதை நிறுத்தும்வே, கேக்க முடியல" என்றார். அன்றோடு சரி. 'பாட்டுன்னாலே ஆகாத கட்டை' என்று ராஜதுரை முடிவுகட்டியிருந்தார்.

அந்தக் கட்டை வீட்டிலா இந்தப் பாட்டு!

மறுநாளும் மாடிக்குப் போனார். பிளேயரை முடுக்கினார். காதில் ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் பாட்டு. அதுவும் நோட்டில் இருந்த பாட்டு. மூன்றாம் நாளும் அப்படியே.

"ஏட்டி, இந்த மகாராஜா லேசுப்பட்ட ஆளு இல்ல" என்றார் கோகிலாவிடம். "பாட்டைத் தேர்ந்து போடுதான். சோகப் பாட்டுக்கு அப்புறம் உடனே குத்துப் பாட்டு போட மாட்டேங்கான். நடுவுல ஒரு தாலாட்டைப் போட்டு மனசை ஆத்திட்டுத்தான் அடுத்ததுக்குப் போறான். அது ஒரு ஞானம்."

"ஆறு வருசமா அவரைக் கட்டைன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

இந்த வார்த்தை ராஜதுரை வாயிலிருந்து வந்து கோகிலா கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, கோகிலா வாங்கி வந்த மல்லிகைப் பூவில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு ராஜதுரை பக்கத்து வீட்டுப் படியேறினார். மகாராஜா ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"வீட்டுல குடுக்கச் சொன்னா" என்றார் ராஜதுரை. அப்புறம், "காலையில பாட்டு... நல்லா இருக்குவே."

மகாராஜாவின் முகம் சிவந்தது. "உமக்கும் கேக்கா? சத்தம் கூடுதலோ?"

"கூடுதலா? இன்னும் கொஞ்சம் வைக்கலாம். பாட்டுன்னா உமக்கு ஆகாதுன்னுல்லா நெனைச்சேன். அன்னைக்கு நிறுத்தச் சொன்னீரே?"

"பின்ன? எவ்வளவு நல்ல பாட்டு! அதைப் போயி அந்தக் கிழிஞ்ச பாக்ஸ்ல போட்டு அலற விட்டா மனசு பொறுக்குமா?"

ராஜதுரை யோசித்துப் பார்த்தார். பாக்ஸ் கிழிந்துதான் இருந்தது. ஆறு வருஷம் கழித்து ஒத்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் மகாராஜா காப்பி கொடுத்தார். "நாள் முழுக்க ஜீப்புல ஆபீசர் பின்னாடி இருக்காரு. பாட்டுப் போட முடியுமா? வீட்டுல இருக்க நேரந்தான் நமக்கு" என்று கூச்சத்தோடு சொன்னார்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் ராஜதுரைக்கு நிம்மதி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் விஜிதா கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். மாடியில் அப்பா இயர்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டுக்குத் தலையாட்டுவதைப் பார்த்தாள்.

"யப்பா, உங்க பிளேயர்ல ஏன் கேக்கலை?"

"அது... அது மவுனமா இருக்கு. விடு. மகாராஜா மாமா போடுததைக் கேளு. எல்லாம் என் நோட்டுல உள்ள பாட்டு! இந்தாளும் நானும் ஒரே ரசனை."

விஜிதா கண்ணைச் சுருக்கினாள். "எல்லாமே உங்க நோட்டுல உள்ளதா?"

"எல்லாமே."

"நீல லைட்டு மினுங்குதே... யப்பா, இது புளூடூத்து! உங்க பாட்டு உங்க காதுக்கு வராம அந்த வீட்டு ஸ்பீக்கருக்குப் போகுது. அங்கன பாடுறது உங்க பிளேயரு!"

"போட்டி, கதை விடாத."

"அடுத்த பாட்டுக்கு உள்ள பொத்தானை அமுக்குங்க."

எது அந்தப் பொத்தான் என்று தெரியாமல் ராஜதுரை ஒன்றை அமுக்கினார். பக்கத்து வீட்டில் பாட்டு இழுத்து, தேய்ந்து, முடிந்தது. வேறு பாட்டு தொடங்கியது.

"பாத்தீங்களா!"

ராஜதுரை இன்னொன்றை அமுக்கினார். கீழே கோகிலா மிக்சியில் சட்னி அரைக்கத் தொடங்கியிருந்தாள். அந்த இரைச்சலையும் தாண்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டின் சத்தம் ஏறியது.

"சந்தேகமே இல்ல, இனிமே தொடாதீங்க" என்றாள் விஜிதா.

ராஜதுரை தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஞானம், தாலாட்டு, மனசை ஆற்றுவது... எல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்து போனதா? தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு, பூ வேறு கொடுத்து, காப்பியும் குடித்துவிட்டு வந்திருக்கிறாரா?

"போய்ச் சொல்லிருங்கப்பா."

"எதைச் சொல்ல? 'உமக்கு ரசனை இல்ல, அது என்னுது'ன்னா? ஆறு வருசம் கழிச்சு மனுசன் சிரிச்சிருக்கான்." ராஜதுரை எழுந்தார். "வெளிய மூச்சு விடாத. பாட்டு அங்கன போகுதுன்னா போகட்டும்."

பத்து ஹெச்பி மோட்டாரை விடப் பெரிய மனசு அது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

அன்று முதல் தினமும் காலை ஐந்தரைக்கு மாடியில் ஆஜர். பிளேயரை முடுக்குவார். சில நாள் பத்து நிமிஷம் கழித்துத்தான் அங்கே பாட்டு வரும். 'சிக்னல் போயிச் சேரணும்லா' என்று காத்திருப்பார். தள்ளி நின்றால் அறுந்துவிடுமோ என்று நடப்பதையும் விட்டுவிட்டு, மகாராஜா வீட்டுப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சிலையாக நிற்பார். மகாராஜா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிய பிறகுதான் இவர் கீழே இறங்குவார். ஒரு நாள் தூறல். பிளேயர் நனையாமல் அதற்குக் குடை பிடித்தார், அவர் நனைந்தார். காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் நின்றார்.

தெருவில் மகாராஜாவின் புகழ் பரவியது. எதிர்வீட்டு அன்னக்கிளி, "மகாராஜா அண்ணன் பாட்டுலதான் எங்க வீட்டுல விடியுது" என்றாள். ராஜதுரை பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, பெரிய ரசிகரு" என்றார்.

மகாராஜாவிடமே ஒருமுறை வாயைக் கிளறினார். "எப்படிவே இவ்வளவு அருமையாத் தேர்ந்தெடுக்கீரு?"

மகாராஜா வெட்கப்பட்டார். "எங்கவே தேர்ந்தெடுக்க? காலையில எந்திரிச்சதும் மனசுல எது வருதோ அதுதான்."

'உம்ம மனசுல இல்லவே, என் சட்டைப்பையில' என்று நாக்கு நுனிவரை வந்ததை ராஜதுரை காப்பியோடு விழுங்கினார்.

ஒரு நாள் கரிவலத்தில் அவசர வேலை. விடியுமுன் கிளம்ப வேண்டும். கோகிலாவிடம் பொறுப்பைக் கொடுத்தார். "அஞ்சரைக்கு மாடிக்குப் போயி இந்தப் பொத்தானை அமுக்கணும். மறந்துராத. ஒரு மனுசனோட மரியாதை இதுல இருக்கு."

சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி. "இன்னைக்குப் பாட்டு போச்சா?"

கோகிலா ஒரு கணம் விழித்தாள். பிளேயர் டிவி மேல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "ஆமா, நல்லாப் பாடுச்சே" என்றாள்.

வியாழக்கிழமை மகாராஜா ஓடி வந்தார். "வே, நாளைக்குக் காலையில எங்க ஆபீசரே பாட்டுக் கேக்க வீட்டுக்கு வாராரு! ஜீப்புல பேச்சுவாக்குல சொன்னேன். அவரும் பழைய பாட்டுன்னா உயிரை விடுவாராம். நீரும் வந்து பக்கத்துல இரும்."

"வாரேன் வாரேன்" என்ற ராஜதுரை, அவர் போனதும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று பிளேயரை முடுக்கினார். நீல விளக்கு எரியவில்லை. சார்ஜரில் போட்டார். எரியவில்லை. தட்டினார். ஊதினார். இதற்கு மேல் தானே பிரித்துப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. நாளைக்கு ஆபீசர் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கர் வாயைத் திறக்காமல் இருந்தால்? மகாராஜா அந்த ஆளின் முகத்தில் எப்படி விழிப்பார்?

மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ராஜதுரை பைக்கை ஜெய்னப் கடைக்கு விட்டார்.

"தாயி, இதுக்கு உயிர் குடு. இல்லன்னா இதே மாதிரி இன்னொண்ணு குடு. நாளைக்குக் காலையில இது பாடியே ஆகணும்." கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நடந்தது எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னார். மகாராஜாவின் மரியாதை, தன் நோட்டுப் பாட்டு, குடை, காய்ச்சல்... "அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்பாவி. என் பாட்டைத்தான் தன் பாட்டுன்னு நம்பிக்கிட்டிருக்காரு. கடைசி வரைக்கும் தெரியவும் கூடாது."

"உங்களை மாதிரி யாரு இருப்பா அண்ணாச்சி" என்று ஜெய்னப் மனம் நெகிழ்ந்து, சிறிய இடுக்கியால் பெட்டிக்குள்ளிருந்து கார்டை உருவினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கார்டைத் தலைகீழால்லா அமுக்கி வச்சிருக்கீங்க! கார்டு இல்லன்னா இது நீல லைட்டைத்தான் மினுக்கும். வாங்குன நாள்ல இருந்து இது ஒரு பாட்டுகூடப் பாடலை."

ராஜதுரை பொறுமையாகச் சிரித்தார். பாவம், சின்னப் பிள்ளை. "காதுல பாடலை தாயி, அது எனக்கும் தெரியும். புளூடூத்துல பக்கத்து வீட்டுக்குல்லா போச்சு."

ஜெய்னப் பிளேயரை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல புளூடூத்தே கிடையாது."