மாமனார் போட்டுக் கொடுத்த டயர்

படகு ஏற்றிய டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வெண்டல் குனிந்து பார்த்தான். இடது டயரில் காற்றே இல்லை. வலது டயர் பரவாயில்லை என்று நிமிரப் போனவன் மறுபடியும் குனிந்தான். இரண்டு டயர்களின் பக்கவாட்டிலும் பொடிப்பொடியாக வெடிப்பு ஓடியிருந்தது. ரோட்டில் உருளும் பட்டை மட்டும் கொஞ்சமும் தேயவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மணி ஒன்று. விடிந்தால் மினசோட்டா மாநிலம் முழுக்க மீன்பிடி தொடங்கும் நாள். நான்கு மணிக்கு மாமனார் ஆர்விட் வந்துவிடுவார்.

போன அக்டோபரில் அவர்தான் டயர்களை மாற்றிப் போட்டு, படகோடு டிரெய்லரையும் மருமகனிடம் ஒப்படைத்தார். "பத்திரமா வெச்சுக்க. மே மாசம் சேர்ந்தே போவோம்" என்றார். மகளைத் தவிர அவர் வெண்டலை நம்பிக் கொடுத்த முதல் சொத்து அதுதான். மீன் பிடிப்பதில் வெண்டலுக்குத் துளி ஆசை கிடையாது. மூன்று வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்திருக்கிறான், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ரோலண்ட் காப்பிக் கோப்பையோடு வேலியருகே வந்து நின்றார்.

"பனிக்காலத்துல டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்சியா?"

"இல்லையே."

"வெயில் படாம டயரை மூடியாவது வெச்சியா?"

"அதுவும் இல்ல."

"காத்து பாத்தியா?"

"பனிக்குள்ள புதைஞ்சு கிடந்தத எங்க போய்ப் பாக்கறது?"

ரோலண்ட் ஒரு வாய் காப்பி குடித்தார். "வித்தியாசமா இருக்கு."

அந்த ஊரில் யாரும் எதையும் மட்டம் என்று சொல்ல மாட்டார்கள். வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், குப்பைக்குப் போக வேண்டியது என்று அர்த்தம்.

முதலில் டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் பூசினான். பளபளப்பில் வெடிப்புகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

"காத்தடிச்சா வெடிப்பு மூடிக்கும்" என்று பம்பை எடுத்தான்.

"எவ்வளவு அடிக்கப் போற?"

"காருக்கு அடிக்கற முப்பது."

"டிரெய்லருக்கு அது பத்தாது. அம்பதுன்னு டயர்லயே போட்டிருக்கு பாரு. ஆனா இந்த டயருக்கு..."

அந்த 'ஆனா' வெண்டலின் காதில் ஏறவில்லை. நாற்பத்தெட்டு வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தெருவே அதிரும்படி ஒரு சத்தம். ரோலண்டின் காப்பி ரோலண்டின் சட்டையில் இருந்தது.

"இது ரொம்பவே வித்தியாசமா இருக்கு" என்றார் அவர்.

வெண்டல் அசரவில்லை. கார் ஷெட்டில் மனைவி லினெட்டின் பனிக்கால டயர்கள், போன மாதம் கழற்றியவை, சக்கரத்தோடு அடுக்கியிருந்தன. ஐந்து போல்ட்டும் டிரெய்லருக்கு அச்சாகப் பொருந்தின. இரண்டையும் மாட்டிவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று காரில் கோத்துக் கிளம்பினான்.

தெருமுனை வரை படகு சமர்த்தாக வந்தது. திரும்பும்போது கல்யாண வீட்டில் குடித்தவன் மாதிரி தள்ளாட ஆரம்பித்து, வீட்டு வாசலுக்கு வந்ததும் தபால் பெட்டியை வேரோடு சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

லினெட் வெளியே ஓடி வந்தாள். "அது என் டயர்தானே?"

"அப்பா வர்றதுக்குள்ள கழட்டிடறேன்மா."

"கார் டயருக்குப் பக்கச்சுவர் மெத்துனு இருக்கும், வெண்டல்" என்றார் ரோலண்ட் வேலியிலிருந்து. "இவ்வளவு கனத்த அது தாங்காம நெளியும். எஸ்.டி.ன்னு எழுத்துப் போட்ட டிரெய்லர் டயர்தான் வேணும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையே. கேக்காம எப்படிச் சொல்றது?"

வெண்டல் டயர்க்கடை நார்மாவுக்குப் போன் போட்டான். ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் வரும்போது தானே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னாள். போனை வைக்கும்போதே ஆர்விட்டின் கார் வாசலில் நின்றது.

ஆர்விட் இறங்கினார். விழுந்து கிடந்த தபால் பெட்டியைப் பார்த்தார். கோணிய படகைப் பார்த்தார். கிழிந்த டயரைக் காலால் புரட்டினார்.

"என் தப்புதான் ஆர்விட். நீங்க நம்பிக் குடுத்தீங்க. நான் மூடி வெக்கல, தூக்கி வெக்கல, காத்துகூடப் பாக்கல. ஒரே பனிக்காலத்துல பாழாக்கிட்டேன்."

ஆர்விட் மருமகனின் தோளைத் தட்டினார். "இதவிட மோசமா ஆகியிருக்கலாம்ப்பா."

வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"டயர் இல்லாம என்ன பண்ண முடியும்? இந்த வருஷம் நமக்குக் குடுத்து வெக்கல" என்றார் ஆர்விட். முகத்தில் வருத்தம் இருந்தது. குரல் மட்டும் அதை மறந்துவிட்டது.

சமையலறையில் லினெட் சாக்லேட் கேக் துண்டுகளை நீட்டினாள். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது முறை எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. ஆர்விட் முதல் முறையே இரண்டை எடுத்துக்கொண்டார். வெண்டலுக்கு உயிர் வந்தது. மாமனார் கோபப்படவில்லை. மூன்று வருஷப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் நல்ல செய்தியை உடைத்தான்.

"கவலைப்படாதீங்க ஆர்விட்! புது டயருக்குச் சொல்லிட்டேன். வந்துட்டே இருக்கு. காலைல மூணரைக்கெல்லாம் ஏரியில இருக்கலாம்!"

ஆர்விட்டின் வாயில் கேக் அப்படியே நின்றது.

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. நார்மா இரு கைகளிலும் ஒவ்வொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். சமையலறை ஜன்னலில் ஆர்விட்டைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஆர்விட்! போன வருஷம் கடையிலயே ரொம்பப் பழைய டயரா பாத்துக் குடுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே, ஏரிக் குளிருக்குப் போகாம இந்த வருஷமாவது தப்பிச்சீங்களா?"