ட்ரான்ஸ்போர்ட் உங்க பொறுப்பு

மேலே மூடி திறக்கிறதா, முன்னால் தட்டு நீளுகிறதா என்பதுதான் குமாரவேலின் அன்றைய கவலை. மைத்துனன் கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அது அவருக்கு நினைவில்லாமல் இல்லை, கவலைப்படுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கேகாலை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த குமாரவேலுக்குக் குடியோ சூதோ கிடையாது. பாட்டுப் பெட்டிகள்தான். ஆளுயர ஸ்பீக்கர்கள், அம்ப்ளிபயர், சீடியில் இருப்பதை ஓசையாக மாற்றித் தரும் பெட்டி என்று முன்னறையில் மனிதர் உட்கார இடமில்லை. குறை ஒன்றே ஒன்று. சீடியைச் சுழற்றிப் படித்துக் கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு பெட்டி உண்டு. அதற்குப் பெயர் ட்ரான்ஸ்போர்ட். தானாக முக்கவோ முனகவோ தெரியாத அந்தப் பெட்டிக்காக அவர் உருகிக்கொண்டிருந்தார். மனைவி இராஜகுமாரியிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

அப்படியிருக்க, அவள் தம்பி விஜேந்திரனின் கல்யாணப் பேச்சுக்குக் குடும்பமே கூடியிருந்த அன்று அவளே சொன்னாள்.

"ட்ரான்ஸ்போர்ட் உங்க பொறுப்புங்க. நல்லதா பாத்து எடுங்க, வெலய பாக்காதீங்க."

குமாரவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன் அங்கே பேசிய சமையல், பந்தல், பெண் ஊரான றக்வானைக்கு மாப்பிள்ளை வீட்டார் போய்ச் சேருவது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அன்றைக்கெல்லாம் நெகிழ்ந்துபோயிருந்தார்.

இதோ இப்போது டெலிபோனில் கொழும்பு ரேடியோக் கடைக்காரர் கபூர் காத்திருந்தார்.

"ரெண்டும் நல்ல சாமான். மேல தெறக்கிறதா, முன்னால தெறக்கிறதா, நீங்கதான் சொல்லணும்."

"மேல தெறந்தா தூசி போகுமா கபூர் நானா?" என்று குமாரவேல் கேட்கும்போது இராஜகுமாரி பின்னால் வந்து நின்றாள்.

"ட்ரான்ஸ்போர்ட்டா பேசுறீங்க?"

"ஆமா. மேல தெறக்கிறதா, முன்னால தெறக்கிறதான்னு..."

"முன்னாலயே தெறக்கட்டும். வயசானவங்க எப்படிங்க மேல ஏறி எறங்குவாங்க?"

குமாரவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. றக்வானை. மாப்பிள்ளை வீட்டார். இத்தனை நாளாக அவர் தேடியிருக்க வேண்டியது ஒரு வேன்.

"வெளங்கிச்சு முதலாளி, முன்னால தெறக்கிறதையே அனுப்புறேன்" என்று கபூர் டெலிபோனை வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் இராஜகுமாரி, "எங்க வீட்டுக்காரர் சோறு தண்ணி இல்லாம ட்ரான்ஸ்போர்ட் பாக்கிறாரு" என்று தன் பிறந்த வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாட்டுப் பைத்தியம் என்றே அவரை அழைக்கும் மாமியார், முதல் தடவையாக 'பொறுப்பான மாப்பிள்ளை' என்று சொன்னாராம். அந்த நல்ல பேரை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடையைச் சாத்திவிட்டு வேன் தேடக் கிளம்பினார். கல்யாணத்தன்று நல்ல முகூர்த்த நாள். கேகாலையில் உருளுகிற சக்கரம் எல்லாம் எவருடைய கல்யாணத்துக்கோ பேசி முடிந்திருந்தது.

"வேன் எங்கங்க? ஒருக்கா பாக்கணுமே" என்றாள் இராஜகுமாரி மறுநாள்.

"வேன் பத்தாது. ரோசா மினி பஸ்ஸா மாத்திட்டேன். நாளைக்குத்தான் சரியா சொல்லுவாங்க" என்று ஒரு நாள் தவணை வாங்கினார்.

"அப்படியா? அப்ப கரவனெல்ல ஜெயம்மா சித்தி வீட்டையும் கூப்பிட்டுர்றேன்."

கூப்பிட்டும் விட்டாள். அதைக் கேட்டுத் தோட்டத்துச் சொந்தமெல்லாம் எங்களுக்கும் ஒரு சீட் என்று சொல்லியனுப்பியது. ஆட்களைக் குறைத்தாலாவது தப்பலாம் என்று குமாரவேல் அடுத்த அடியை வைத்தார்.

"இத்தனை பேரை ரோசா தாங்காது புள்ள. மலைப் பாதை வேற."

"அப்ப பெரிய பஸ்ஸா மாத்திருங்க. நீங்க நெனச்சா முடியாததா?" என்றாள் அவள், பீன்ஸ் நறுக்கியபடி.

கல்யாணத்துக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. வேறு நேரமாக இருந்தால் குளித்துவிட்டு வந்துதான் பிரித்திருப்பார். இன்று பிரிக்கக்கூட இல்லை. ஊரில் பெரிய பஸ் வைத்திருப்பவர் மஹ்ரூப், அவரும் பாட்டுப் பிரியர். பார்சலைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார் குமாரவேல்.

"நாளைக்கு றக்வானைக்கு உங்க பஸ் வேணும் நானா. இல்லன்னு சொல்லிறாதீங்க."

மஹ்ரூப் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பஸ் வரும் முதலாளி. இதெல்லாம் என்னத்துக்கு?"

"புது சீடி ட்ரான்ஸ்போர்ட். நீங்களே வச்சுக்குங்க. மறுக்கக்கூடாது."

மஹ்ரூப் வாய் திறப்பதற்குள் பெட்டியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று விறுவிறுவென்று வெளியேறினார்.

விடிந்ததும் பஸ் வந்து நின்றது. எல்லாருக்கும் இடம் கிடைத்தது. மாமியார் தன் கையாலேயே முன் சீட்டைத் துடைத்து, "இங்க உக்காருங்க மாப்பிள்ள. ஊரே மெச்சுற மாதிரி செஞ்சிட்டீங்க" என்றார். பக்கத்தில் இராஜகுமாரி ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டி போனால் போகிறது, பேர் தப்பியதே என்று குமாரவேல் மனதைத் தேற்றிக்கொண்டார்.

தேநீருக்கு நிறுத்திய இடத்தில் கண்டக்டர் முத்துவீரனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் குடுத்த பெட்டிய மஹ்ரூப் நானா பத்திரமா வச்சிருக்காரா?"

"இருக்கு அண்ணே. ஏன் குடுத்தீங்கன்னுதான் அவருக்கு வெளங்கலயாம், ராவெல்லாம் யோசிச்சுக்கிட்டிருந்தாரு."

"ஏன்னா? இந்த பஸ்ஸுக்குத்தான்."

முத்துவீரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா போன மாசமே வந்து இந்த பஸ்ஸ பேசிட்டாங்களே அண்ணே. நீங்க பாக்கிற ட்ரான்ஸ்போர்ட்ல சீடி மட்டுந்தான் ஏறும், ஆள் ஏறாதுன்னு சொன்னாங்க."