அக்கா கடைக்கு ஒரு பட்டன்

தொடக்கவாதி என்றோர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். வீட்டிலேயே இருந்தால் என் அனுதாபங்கள். புதிதாக எந்த லைப்ரரி வந்தாலும், அதாவது வெப்சைட் கட்டுகிறவர்களின் பாட்டைக் குறைக்க யாரோ எழுதிவைத்த நிரல் மூட்டை எது வந்தாலும், அதன் ‘தொடங்குவது எப்படி’ பக்கத்தைக் கரைத்துக் குடித்து, அதன் ஸ்டிக்கரை லேப்டாப்பில் ஒட்டி, நேற்றுவரை தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதைக் குப்பை என்று அறிவித்துவிட்டுப் புது மனிதராக நடமாடுவார். இரண்டாவது பக்கமா? அதற்குள் அடுத்த லைப்ரரி வந்துவிடுமே!

நம்முடைய தொடக்கவாதிக்கு ஓர் அக்கா. இருந்த வேலையை உதறிவிட்டுத் திரைச்சீலை தைத்துத் தரும் கடை திறந்திருந்தார். தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வெப்சைட்டில் ஜன்னல் அளவை எழுதிப் பட்டனை அமுக்கினால், ஆர்டர் தனக்கு வந்து சேர வேண்டும்.

“பட்டன்தானே? ஊதித் தள்ளிடலாம். ஆனா பழைய மாதிரி செய்ய மாட்டேன். இனிமே எல்லாம் ஃபங்ஷனல்தான்.”

“அப்படின்னா?”

“ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது நிரலோட ஒவ்வொரு துண்டும், சுத்தமா இருக்கணும்க்கா. குடுத்ததை வாங்கணும், பதிலைத் தரணும். வெளியில எதையும் தொடவே கூடாது.”

“ஆர்டர் வெளியில இருந்துதானேடா வரணும்?”

தம்பி சிரித்தார். விவரம் தெரியாதவர்களுக்கென்றே அந்த இனத்தார் வைத்திருக்கும் சிரிப்பு அது.

வெப்சைட் வந்தது. கண்ணைப் பறித்தது. அமுக்கினால் பட்டன் நிறம் மாறி ‘நன்றி’ என்றது. ஆர்டர் மட்டும் வரவில்லை. அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிரிக்காத துணிச் சுருள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் தையல் யாருக்கும் பிடிக்கவில்லையோ? பழைய மேனேஜரிடம் போய் நிற்க வேண்டியதுதானோ? நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

அப்போதுதான் அடுத்த தெருப் பல் டாக்டர் படியேறி வந்து பொரிந்து தள்ளினார்.

“ஆர்டர் போட்டு எவ்வளவு நாளாச்சு! ஒரு பதில் கிடையாதா? என் ஃபிரெண்டுங்களும் போட்டுட்டுக் காத்திருக்காங்க.”

அக்கா போன் செய்த வேகத்தில் தம்பி ஓடி வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

“கோளாறே இல்லக்கா! பட்டனை அமுக்கினா, ஆர்டரை எப்படி அனுப்பணும்னு ஒரு குறிப்பு தயாராகும். அவ்வளவு சுத்தம். கடைசியில ‘ஓடு’ன்னு ஒரு வரி எழுதினாத்தான் அனுப்பும்.”

“எழுதலையா?”

“அது ரெண்டாவது பக்கத்துல இருக்கு.”

“அப்ப இதுவரைக்கும் அமுக்கினவங்க ஆர்டரெல்லாம்?”

“அதெல்லாம் பொறக்கவே இல்லக்கா.”

பல் டாக்டர் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

“விடுக்கா, இதைவிட அருமையா இன்னொண்ணு வந்திருக்கு. மொத்தத்தையும் அதுல புதுசா ஆரம்பிச்சுட்டா...”

துணி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே வந்து நின்றார். அந்த ஒரு வரி உடனே எழுதப்பட்டது. பல் டாக்டர் மறுபடி பட்டனை அமுக்க, ஆர்டர் வந்திருக்கிறது என்று அக்காவின் போன் முதன்முறையாக ஒலித்தது.

வாசகரே, பிறக்காமல் போன ஆர்டர்களைப் போட்டவர்கள் திரும்பி வருவார்களா, கடை பிழைக்குமா என்று கவலைப்படுகிறீர்களா? நீங்கள் நல்லவர். ‘அது கிடக்கட்டும், அந்தப் புது லைப்ரரியின் பேர் என்ன?’ என்று நாக்கு நுனிவரை வந்ததா? உங்கள் அக்காவின் போன் நம்பரைக் கொடுங்கள். நான் அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும்.