தொடரை விட்ட டாக்டர்

"சகலை, நன்றாக யோசித்துவிட்டேன். தொடரை விட்டுவிடுகிறேன். மன்னிக்கவும்."

செய்தியை அனுப்பிவிட்டுப் பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்த வக்கீலின் கடைவாயை உற்சாகமாகக் குடைய ஆரம்பித்தார்.

சகலை என்றால் அவருடைய மனைவியின் தங்கை கணவர். இருவரும் பல வருடங்களாக பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப்பில் போட்டி. ஒரே நாளில் முடிந்துவிடும் அந்தப் போட்டிக்குக் 'கோப்பைத் தொடர்' என்று பெயர் வைத்ததே டாக்டர்தான். வாயால் எப்படிப் பேசினாலும் எழுத்தில் அவருக்குத் தூய தமிழ் வேண்டும். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'சீரிஸ்' என்று எழுதினால்கூட, 'தொடர் என்று எழுதுங்கள்' என்று திருத்துவார். நாளடைவில் கிளப்பில் எல்லோரும் கேலிக்காகவாவது அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

பேட்மிண்டனை விடுவதற்குக் காரணம், டிவியில் ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு வரும் துப்பறியும் கதை. அடுக்குமாடியில் ஒரு பியானோ டீச்சரைக் கொன்றுவிடுகிறார்கள். யார் கொன்றது என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. விடியற்காலைப் பயிற்சிக்காக ஒன்பது மணிக்கே தூங்கிப்போகும் டாக்டர், அந்தக் கதை வந்த பிறகுதான் தன் வீட்டு சோபாவில் மனைவியோடு சேர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே ஆள்மேல் சந்தேகப்பட்டது அதுதான் முதல்முறை. அந்த சுகம் எந்தக் கோப்பையிலும் கிடைக்காது என்று அவருக்கு உறைத்துவிட்டது.

அந்த ஞாயிறு கடைசி எபிசோடு. போட்டியும் அதே ஞாயிறு.

"ஏழு மணிக்கு என் பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா கொலைகாரன் யாருன்னு உடனே மெசேஜ் போட்டுருவேன்" என்று மனைவி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

கிளினிக் கதவு படாரென்று திறந்தது. சகலை கண் கலங்கி நின்றார்.

"சகலை! உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்!"

"எதுக்கு?"

"தொடரை விட்டுட்டீங்களே! 'அந்தக் கொலைக்கதையைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, ஆட்டத்தைக் கவனிங்க'ன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசி எபிசோடு அன்னிக்குப் பார்த்து, நம்ம மேட்சுக்காக..." சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் கருவியைத் தட்டில் வைத்தார். எந்தத் தொடர் என்று எழுத மறந்த பாவத்துக்கு இவ்வளவு பெரிய தியாகியாகிவிட்டோமே! அழுகிற மனிதனிடம், 'நான் விட்டது உங்களை' என்று எப்படிச் சொல்வது?

வக்கீல் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தார். தம்பியோடு சேர்ந்து கோப்பையை மூன்று வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத சாம்பியன் அவர். டாக்டரை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பெரிய மனசு டாக்டர் உங்களுக்கு. எனக்கெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் அசரவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "ஆசைதான் சகலை. ஆனா பாருங்க, தோள் பிடிச்சுக்கிச்சு. கையைத் தூக்கவே முடியல."

பொய் வெளியே வந்த பிறகுதான் சகலையின் தொழில் ஞாபகம் வந்தது. அவர் பிசியோதெரபிஸ்ட்.

"இவ்வளவுதானா? படுங்க!"

வக்கீல் எழுந்துபோன நாற்காலியிலேயே டாக்டரைச் சாய்த்து, கையை முறுக்கி, முழங்கையால் தோளில் ஏறி அழுத்தினார் சகலை. வெளியே காத்திருந்த நோயாளிகள் டாக்டரின் அலறலைக் கேட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். முடிந்ததும் டாக்டர் கையைச் சுழற்றிப் பார்த்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. இருபது வயதில்கூட அந்தத் தோள் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு" என்றார் டாக்டர், அழாத குறையாக.

சரி, இருக்கவே இருக்கிறது கடைசி வழி. விலகினால்தானே பழி? தோற்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்விவிட்டு, மாலைக் காப்பிக்கு வீட்டில் இருக்கலாம். சகலையின் மனமும் நோகாது. இந்த யோசனை தனக்கு முன்பே வராமல் போனதற்காகத் தன்னையே செல்லமாகக் கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம், பேங்க் கேஷியரும் அவர் மாப்பிள்ளையும். டாக்டர் வேண்டுமென்றே ஷட்டிலை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்தார். வெளியே போகிற ஷட்டிலை கேஷியர் பாய்ந்து போய்த் தொட்டு, வலையில் அடித்தார். புள்ளி டாக்டருக்கு. சொத்தையாக ஒரு சர்வ் போட்டார். மாப்பிள்ளை அதை வானத்தைப் பார்க்க அனுப்பினார். அதுவும் டாக்டருக்கு. எது செய்தாலும் ஜெயித்தது. கடைசிப் புள்ளி விழுந்ததும் கேஷியர் ஓடிவந்து கையைக் குலுக்கினார்.

"வருத்தமில்லையே?" என்றார் டாக்டர்.

"வருத்தமா? தொடர்தானே டாக்டர் முக்கியம்!"

எவ்வளவு பக்குவம்! தான் வைத்த பெயர், இப்படி ஒரு தத்துவமாகத் திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 'வெற்றி தோல்வி பெரிதில்லை, போட்டிதான் பெரிது' என்பதை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார் மனிதர்!

அரையிறுதியில் ஒரு ஜோடி ஒருவர்மேல் ஒருவர் மோதி மோதியே தோற்றது. அவர்களும் கையைக் குலுக்கி, "தொடர் முக்கியம் டாக்டர்!" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்கள்.

டாக்டருக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. இவ்வளவு நாளாகக் கஷ்டப்பட்டு ஆடினோம், தோற்றோம். இன்றைக்கு அக்கறையே இல்லாமல் ஆடுகிறோம், கொட்டுகிறது! ஒருவேளை இதுதான் மேதைமை என்பதோ? மேதைக்கு மேதைமை இருப்பது தெரியாது என்று எங்கோ படித்ததும் நினைவுக்கு வந்தது.

"சகலை, உங்க கை இன்னிக்குப் பேசுது" என்றார் சகலை.

"கொஞ்சம் சத்தமாவே பேசுது" என்றார் டாக்டர்.

மனைவிக்கு போன் போட்டார். "ஃபைனல்ஸ் வந்துட்டோம்மா. கொஞ்சம் லேட்டாகும்."

"ஏழு மணிக்கு இல்லேன்னா என்ன ஆகும்னு சொன்னேன்ல?"

"புரிஞ்சுக்கோ. என்னை நம்பி ஒரு ஆட்டமே இருக்கு."

"சோபாவுல உங்களை நம்பி ஒருத்தி இருக்கா" என்று மனைவி போனை வைத்தார்.

அது சுருக்கென்று தைத்தது. அப்போதே கிளம்பியிருக்கலாம். டாக்டர் மட்டையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பளபளவென்று மேஜைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தார். சோபா அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும் என்று முடிவுசெய்து களத்தில் இறங்கினார்.

இறுதிப்போட்டியில் வக்கீலும் அவர் தம்பியும். அசகாய சூரர்கள். டாக்டர் இந்த முறை உயிரைக் கொடுத்து ஆடினார். சாம்பியன்களோ சர்வ் போட்டால் வலையில் விழுந்தது, அடித்தால் விட்டத்தில் பட்டது. வக்கீலின் தம்பிக்கு ஷூ கயிறு அவிழ்ந்துகொண்டே இருந்தது. 'என்னைக் கண்டு நடுங்குகிறார்கள், பாவம்' என்று டாக்டர் உள்ளுக்குள் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டுக்கொண்டே அடித்து நொறுக்கினார்.

வெற்றி! சகலை அவரை அப்படியே தூக்கிச் சுற்றினார்.

"தொடர்தான் டாக்டர் முக்கியம்" என்று வக்கீல் கையைத் தொட்டும் தொடாமலும் குலுக்கிவிட்டு, மட்டையைக்கூட எடுக்காமல் தம்பியோடு ஓடினார். சாம்பியனாக இருந்தவருக்குத் தோல்வியைத் தாங்குவது கடினம்தான் என்று டாக்டர் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தபோது அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. பரிசு கொடுக்க வேண்டிய செயலாளரையும் காணோம். வாட்ச்மேன்தான் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, கோப்பையைத் துடைத்து நீட்டினார்.

"இனிமே விடறதா இல்ல சகலை. தினமும் காலையில அஞ்சு மணிக்குப் பயிற்சி!" என்றார் டாக்டர், கோப்பையை மார்போடு அணைத்தபடி.

மணி ஏழரையைத் தாண்டியிருந்தது. சட்டைப்பையில் போன் துடித்தது. மனைவியிடமிருந்து ஒரே வரி: 'லிஃப்ட் மெக்கானிக்தான் கொன்றது.'

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சந்தேகப்பட்டது அவனைத்தான். இருவரும் சேர்ந்து குதித்திருக்க வேண்டிய இடத்தில் மனைவி மட்டும் தனியாகக் குதித்திருப்பார். ஆனாலும் கையில் கோப்பை கனத்தது. அந்தக் கனத்தை நம்பி அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"எப்படிப்பா இருந்துச்சு நம்ம ஆட்டம்?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் கடைசி விளக்கின் ஸ்விட்சில் கை வைத்தபடி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்ம கிளப்புலேருந்து பல்லுக்குக் காட்ட வந்தவங்க எல்லாரையும் வாயைத் திறக்க வச்சு, 'அந்தக் கொலைக்கதைத் தொடரைப் பாருங்க, பாருங்க'ன்னு சொன்னது நீங்கதான் சார், அதோட கடைசி எபிசோடுக்கு வீட்டுக்குப் போகணும்னு ஒவ்வொருத்தரும் தோக்கறதுக்கு என்னா பாடுபட்டாங்க, நீங்க ரெண்டு பேரு மட்டும் ஏன் சார் கடைசிவரைக்கும் விட்டே கொடுக்கல?"